காந்தத்தைக் கரைசலிலும் வடிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் காந்தங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். உலையில் உருக்கும் இரும்பு, அப்புறம் அரிய மண் உலோகங்கள் என்பதோடு அது முடிந்துபோனதில் எனக்கு வருத்தம். இரும்பு, நிக்கல், குரோமியம் போன்ற இடைநிலை உலோகங்களின் அயனிகளைக் கரைசலில் கலந்து, அறை வெப்பத்திலேயே காந்தப் பொருள் செய்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது இரண்டு உலோக அணுக்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் ஈனிதான் (உலோகத்தோடு பிணையும் சிறு மூலக்கூறு அல்லது அயனி). ஓவியர்கள் முந்நூறு ஆண்டுகளாகத் தீட்டும் பிரஷ்யன் நீலத்தில் இரும்பையும் இரும்பையும் சயனைடு இணைக்கிறது. அந்த இரும்பில் ஒரு பகுதிக்கு, காந்தத் தன்மை தரும் ஜோடி சேராத தனி எலக்ட்ரானே கிடையாது, அதனால் 5.6 கெல்வின் (சுமார் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) வரை குளிரவைத்தால்தான் அது காந்தமாகும். சரி, சயனைடை அப்படியே வைத்துக்கொண்டு உலோகத்தை மாற்றினால்? நிக்கலும் குரோமியமும் சேர்ந்தால், அந்தத் தனி எலக்ட்ரான்கள் உலவும் இடங்களான ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதில்லை. எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம்போல ஆக்கும் தற்சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன, 90 கெல்வின் வரை காந்தம் தாங்குகிறது. வனேடியமும் குரோமியமும் சேர்ந்தால் ஆர்பிட்டால்கள் நன்றாக மேற்பொருந்தி, தற்சுழற்சிகள் எதிரெதிராக நிற்கும். ஆனால் இரண்டும் சம அளவில் இல்லாததால் மிச்சம் இருப்பது காந்தமாகிறது. இப்படிக் கணக்குப் போட்டே பாரிஸில் வேதியியலர் வெர்தகேயின் குழுவினர் 1995இல் 315 கெல்வினை எட்டினார்கள். அதாவது 42 டிகிரி செல்சியஸ். தில்லியின் மே மாத வெயிலில் அது காந்தத் தன்மையை இழந்துவிடும்!

பாலத்தின் கோணத்துக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு செம்பு அயனிகளை ஹைட்ராக்சைடு இணைக்கும் சேர்மங்களில் செம்பு–ஆக்சிஜன்–செம்பு கோணம் சுமார் 98 டிகிரிக்குக் கீழே இருந்தால் தற்சுழற்சிகள் இணையாக நிற்கும். அதைத் தாண்டினால் எதிராகத் திரும்பிவிடும்.

தில்லித் தமிழர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு என்பேன். இங்குள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அதற்கு வெகுகாலம் முன்பே, படிகத்தை மெல்லிய இழையில் காந்தப் புலத்துக்குள் தொங்கவிட்டு, அது சட்டென்று புரளும்வரை இழையை முறுக்கி, திசைக்குத் திசை அதன் காந்தத் தன்மை எவ்வளவு மாறுகிறது என்று அளந்தவர் அவர். பன்னிரண்டு மாங்கனீசு அணுக்கள் கொண்ட ஒற்றை மூலக்கூறு 2 கெல்வினில் தன் காந்த நிலையை மாதக்கணக்கில் விடாமல் வைத்திருப்பதற்கும் அந்தத் திசை வேறுபாடுதான் காரணம்.

அந்த மாங்கனீசு மூலக்கூறைப் படம் போட்டு விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். பிளஸ் டூ மாணவர்களுக்குப் புரிகிற அளவிலேயே எழுத முடியும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மயூர் விஹார், தில்லி