நிலத்தை இப்போதே ஒதுக்குங்கள், குழாயைப் படிப்படியாகப் பதிக்கலாம்

ஆசிரியருக்கு,

நகர வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 30 ஆண்டுகள் கழித்து மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்ற ஒரே எண்ணை வைத்து நகரின் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) எடைபோடுகிறது. அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கோளாறு பெரும்பாலும் நகர எல்லையில் இருக்கும். ஒரு நகரம் பத்தாண்டில் 4 லட்சத்திலிருந்து 6 லட்சமானது என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி 50 சதவீதம். இதே வேகத்தில் போனால் 30 ஆண்டில் 20 லட்சத்தைத் தாண்டும். ஆனால் இடையில் சுற்றுவட்டார ஊர்களை நகரோடு சேர்த்திருந்தால்? அங்கே முந்தைய கணக்கெடுப்பிலேயே 1 லட்சம் பேர் இருந்திருந்தால், 6 லட்சத்தோடு ஒப்பிட வேண்டியது 5 லட்சத்தை. உண்மையான வளர்ச்சி 20 சதவீதம்தான். 30 ஆண்டில் சுமார் 10.4 லட்சம். பழைய எண்களை இன்றைய எல்லைக்குள் கொண்டுவராமல் போடும் கணக்கு எதுவும் நிற்காது. அதன் பிறகு பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் வயதுவாரியாகத் தனித்தனியே கணக்கிட வேண்டும். இதில் இடப்பெயர்வு யார் பிடிக்கும் அகப்படாது. அதனால்தான் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணிப்புகள் தேவை.

குடும்ப அளவையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 10 லட்சம் பேர் உள்ள நகரில் வீட்டுக்கு 4.5 பேர் என்பது 3.5 ஆகக் குறைந்தால், ஓர் ஆள்கூடக் கூடாமலே சுமார் 63,000 வீடுகள் கூடுதலாக வேண்டும்.

“எதற்கும் பெரிதாகவே கட்டிவைப்போம்” என்பார்கள். பாதாளச் சாக்கடையில் இது எடுபடாது. கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் கசடும் அடித்துச் செல்லப்படும். 20 லட்சம் பேருக்கான பிரதான குழாயில் 5 லட்சம் பேரின் கழிவுநீர் அடிப்பகுதியில் மெதுவாக ஊர்ந்து போகும். கசடு படியும், அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது அமிலமாகி கான்கிரீட் குழாயின் மேற்பகுதியை அரிக்கும். மக்கள் வந்து சேர்வதற்குள் குழாய் இடிந்துவிடவும் கூடும். பக்கத்தில் இன்னொரு குழாய் பதிக்கச் சாலையில் இடம் விட்டு, இப்போதைக்கு அளவானதைப் பதிப்பதே சரி. கழிவுநீரை மேலேற்றும் நீரேற்று நிலையத்திலும் அப்படித்தான்: கட்டடமும் கழிவுநீர் சேரும் கிணறும் முழு அளவில் இருக்கட்டும், பம்புகளைத் தேவைக்கேற்பச் சேர்க்கலாம். பம்பு எப்படியும் 15 ஆண்டில் மாற்ற வேண்டியதுதானே.

நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒருமுறை வீடு எழும்பிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. விரிவாக்கப் பகுதி முழுக்க கிலோமீட்டருக்கு ஒன்றாக, குறுக்கும் நெடுக்கும் 30 மீட்டர் அகலச் சாலைகளுக்கு இடம் ஒதுக்கினால் போவது மொத்த நிலத்தில் 6 சதவீதம்தான். தார் போடுவது பிறகு நடக்கட்டும். நியூயார்க்கில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூட எட்டாத 1811-லேயே மன்ஹாட்டனின் 155-ஆம் தெரு வரை வரைந்துவைத்தார்கள். ஆனால் அதில் பெரிய பூங்காவுக்கு இடம் விடவில்லை. 1850-களில் சென்ட்ரல் பார்க்குக்காக, அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றி நிலம் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே எந்த ஆண்டில் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேரானால் எந்த வேலை தொடங்கும் என்ற அட்டவணைதான் திட்டத்தில் முக்கியம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் கழிவுநீர் அதன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தொட்டதும் அடுத்த பிரிவுக்கு டெண்டர் விட வேண்டும். நிரம்பி வழியும்வரை காத்திருந்தால், கட்டி முடியும்வரை ஆற்றில்தான் விடுவார்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை வார்டுவாரியாகக் கணிப்பைச் சரிபார்க்கவும் வேண்டும். வரைவுத் திட்டத்தை மக்கள் கருத்துக்கு வைக்கும்போது வண்ண வரைபடத்தோடு இந்த அட்டவணையையும், எல்லை திருத்திய கணக்குத் தாளையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
நகரமைப்புத் துறை வாசகர்