தரையில் சொட்டாத கசிவு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உன் காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது, வண்டிக்கு அடியில் பொட்டு ஈரம் இல்லை, மெக்கானிக் கேட்டால் "பழைய வண்டி, ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள்" என்கிறார். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதேம்மா. பெட்ரோல் போல எரிந்து தீர்கிற சாமானா அது? மூடிய பாதைக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார். வாரத்துக்கு அரை லிட்டர் என்றால் நாளைக்குச் சுமார் 70 மில்லிதான். சூடான இன்ஜின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அங்கேயே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. ஆனால் தடம் விட்டுத்தான் போகும். கசிந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்ட்டின் நிறத்திலேயே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். டார்ச் அடித்து முதலில் அதைத் தேடு. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இந்தத் தடமும் சரியாகத் தெரியாது, உள்ளே துருவும் பிடிக்கும்.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நம்மிடம் இருந்த வண்டி ஞாபகம் இருக்கிறதா? அதிலும் இதே தொல்லை. மூன்று வாரம் அலைந்தேன். ஓட்டிவிட்டு வந்த கையோடு பானெட்டைத் திறப்பேன், எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், அதாவது ரப்பர் குழாயில், டார்ச் அடித்தேன். கிளிப்புக்கு அடியில் மிளகு அளவில் ஒரு துளி. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லப் பருத்து, ஹோஸின் அடிப்பக்கமாக ஒரு விரற்கடை ஊர்ந்து, இன்ஜினுக்குக் கீழே மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விழுந்தது. அந்தத் தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டையே இருந்தது. இத்தனை நாளும் தரைக்கு ஒரு சொட்டு வராத காரணம் அதுதான். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன், துளி நின்றுவிட்டது. சூட்டில் ரப்பரும் உலோகமும் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொண்டன. ஆறினால் சுருங்கும், மறுபடி கசியும். நான் மூன்று வாரமும் தப்பான நேரத்தில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஆறிய இன்ஜினை ஒரு தடவை, ஓடி முடித்ததும் ஒரு தடவை, இரண்டு நேரமும் பார்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் பிரஷர் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் கையால் அடிக்கிற சின்ன பம்ப் அது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மூடியின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு, பொதுவாக 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) பக்கத்தில் இருக்கும், அதுவரைதான் காற்று ஏற்ற வேண்டும். அதைத் தாண்டினால் பழைய ஹோஸ் வெடிக்கலாம். இருபது நிமிடமாவது பொறுமையாக இருக்கச் சொல், இரண்டே நிமிடத்தில் "ஒன்றுமில்லை" என்று கழற்ற விடாதே. மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். அதன் ரப்பர் வாஷர் போயிருந்தால் அந்த வழியாகவே ஆவி போகும். பல பேர் கடைசியில் பார்ப்பது அது, நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே வைத்த ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அது வழியாகக் கசியும். அதை யாராவது அடைக்கப் பார்த்தால் விடாதே. அங்கே ஈரமோ பொருக்கோ தெரிந்தால் பம்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில வண்டிகளில் பம்ப் டைமிங் பெல்ட் மூடிக்குள் ஒளிந்திருக்கும், மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் டெஸ்டரின் முள் மட்டும் இறங்குகிறதா? அப்போது உள்ளேதான் போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால், காருக்குள் வெப்பக் காற்று தருவதற்காக இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகினால் இனிப்பான ஒரு வாசனை வரும், முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் பனி படியும், காலடி விரிப்புக்குக் கீழே நனைந்திருக்கும். விரிப்பைத் தூக்கிக் கைவிட்டுப் பார். மேலாகத் தடவினால் தெரியாது. அந்த இனிப்புக்கு நாய், பூனை நக்கிவிடும், அது கொடிய விஷம். சிந்தினால் உடனே துடைத்துவிடு.

இன்னொரு இடம் ஹெட் கேஸ்கெட், இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, இன்ஜின் ஓடும்போது கூலன்ட்டின் ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி கிளம்புவது, இதெல்லாம் அதன் அடையாளம். ஆயில் மூடியில் மட்டும் பால் போலப் படிந்திருந்தால் பயப்படாதே, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் வண்டியை எடுக்காதே. சந்தேகமாக இருந்தால் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும்.

கசிவை அடைக்கும் என்று பாட்டிலில் விற்பதை மட்டும் ஊற்றிவிடாதே. ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரின் நுண்ணிய குழாய்களையும் அது அடைக்கலாம்.

அப்புறம், என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்ததால் வந்தது. 1 பார் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திருகியதும் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடாத வரை ஆறட்டும், எவ்வளவு அவசரமானாலும் சரி. டெம்பரேச்சர் முள்ளையும் முழுக்க நம்பாதே. கூலன்ட் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் அது சரியாகக் காட்டாது.

சனிக்கிழமை காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ரிசர்வ் டேங்கில் மட்டத்தைக் குறித்துவிட்டு, ஹோஸ் சேரும் இடங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பு. நான் போனருகிலேயே இருப்பேன். கசிவு அகப்படும் வரை நீ போகவிருக்கும் நீண்ட பயணத்துக்கு வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போய்விட்டு வாம்மா.

அன்புடன்,
அப்பா