நடுநிலைப் பள்ளிகளை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உதவித்தொகைக்காக எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வின் முடிவுகள் வெளியானதும், எந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்ற செய்தி தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் வருகிறது. தேறிய பிள்ளைகளைப் பாராட்டுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒன்றியத்தில் நல்ல பள்ளி எது என்பதற்கு அந்த எண்ணிக்கையே தீர்ப்பாகிவிட்டது. சேர்க்கை நேரத்தில் பள்ளி வாசலில் கட்டும் பிளெக்ஸ் பதாகையிலும் பெற்றோரின் பேச்சிலும் அதுவே முன்னால் நிற்பதைப் பார்க்கையில், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்ற முறையில் சிலவற்றை எழுத வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பு உள்ள பள்ளிகளுக்குத் தேர்ச்சி விழுக்காடு என்று ஒன்று உண்டு. எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளிகளுக்கு அப்படிப் பொதுத் தேர்வு எதுவும் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வெற்றிடத்தைத்தான் இந்தத் திறன் தேர்வு நிரப்பியிருக்கிறது. தமிழகத்தில் ஆண்டுதோறும் 6,695 பேருக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ரூ.1,000 வீதம் கிடைக்கும் இந்த உதவித்தொகை ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதல்தான். ஆனால் தேர்வின் இரு தாள்களில் ஒன்றான மனத்திறன் தாளில் வரும் எண் தொடர், குறியீட்டுக் கணக்கு போன்றவற்றைத் தனியாகப் பயிற்சி கொடுத்தால்தான் பிள்ளைகள் பழகுவார்கள். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாலையிலும் சனிக்கிழமையிலும் அமர்ந்து சொல்லிக்கொடுத்தால் பள்ளியின் பெயர் செய்தியில் வரும். அவர் பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டால் மறு ஆண்டே அந்தப் பெயர் காணாமல் போகும். தேர்வுக்குத் தயார்செய்யப்படாத மற்ற பிள்ளைகள் தமிழைத் தடையின்றி வாசிக்கிறார்களா, வகுத்தல் கணக்குப் போடுகிறார்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, எட்டாம் வகுப்பில் ஐம்பது பேர் உள்ள பள்ளியில் ஐவரும் பத்துப் பேர் உள்ள பள்ளியில் இருவரும் தேறினால், பாராட்டு முதலில் போவது ஐவர் தேறிய பள்ளிக்கே.

பள்ளிகளை ஒப்பிட விரும்பும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது ஆசிரியர்களைப் பற்றித்தான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும்; அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என்ற மூன்று பிரிவுகளுக்கும் ஒவ்வொருவராவது அமைய வேண்டும்; 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமும் உண்டு. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் ஐந்து பாடங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், அவர்களில் ஒருவர் இல்லாமல் போனாலே பாடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கும் பலகையில் அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலியிடம் என்று கட்டம் போட்டிருக்கும். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் காலியிடக் கட்டத்தில் பூச்சியம்தான் இருந்தது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் அறிவியல் குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதல் பருவத்தில் பாகம் குறித்த படங்களும் செய்து பார்த்த சோதனைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டாம் பருவத்தில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய வினா விடை மட்டுமே. கணித, அறிவியல் ஆசிரியரை மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய பணியிடம் இங்கே இருப்பதால் பலகையைப் பொறுத்தவரை அவர் இங்கேதான் இருக்கிறார்! மூன்றாம் வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த இடைநிலை ஆசிரியர் இதையும் சேர்த்துச் சமாளித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு, அதே ஒன்றியத்தில் உள்ள அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பும் திறந்தே இருக்கிறது. அவை பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழும் நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழும் இயங்குவதால் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனால் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. ஊர்ப் பள்ளியை விட்டுவிட்டு, தொலைவில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தை நம்பிப் போகும் பிள்ளை, அது வராத நாளில் வீட்டில்தான் இருக்கும். எனவே வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் தினமும் எழுதும் ‘பதிவு’, ‘வருகை’ என்ற இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் ஆகியவற்றுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு எடுக்கப்படுவதால், அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இனி அதிகமாகத்தான் செய்வார்கள்.

பள்ளிகளின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளிவாரியான விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதை நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் கைபேசியில் தேடி எடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. அந்த அடிப்படையில், ஒன்றியத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கை, பாடவாரியாக உண்மையில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள், மாற்றுப் பணியில் வெளியே சென்றவர்கள், சராசரி வருகை ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு, ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்துக்குள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டுமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை திறன் தேர்வு முடிவை வெளியிடும்போது, தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.