முதலில் கால், அப்புறம் வாலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சோம்பல்தான். உன் மூட்டு வலி குறைந்ததில் நிம்மதி. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாமே, என் வாழ்த்தைச் சொல்.

நீயும் பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. வாலி அடிக்க, அதாவது பந்து தரையில் படுமுன்பே அடிக்க, வலைப் பக்கம் நிறுத்தினாலே கண்ணை மூடிக்கொள்கிறார்கள், பயந்தாங்கொள்ளிகள் என்று எழுதியிருந்தாய். எனக்கென்னவோ பாதிக்கு மேல் அது கால் விஷயம் என்று படுகிறது. நிலையாக நிற்கத் தெரியாத பிள்ளைக்கு எந்தப் பந்தும் திடீரென்றுதான் வரும்.

சமநிலை என்றதும் ஒற்றைக்காலில் நிற்கவைப்பது, மட்டையில் பந்தை ஏந்தி நடக்கவிடுவது என்று இறங்கிவிடுகிறோம். உடம்பு சூடேற அது போதும். ஆட்டத்தில் தேவைப்படுவது ஓடிவந்து நிற்கிற சமநிலை. அதனால் நான் முதலில் எடுப்பது ஸ்ப்ளிட் ஸ்டெப். எதிராளி அடிக்கிற நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல். கால்கள் தோளைவிடச் சற்று அகலமாக, எடை முன்பாதத்தில். மட்டையே வேண்டாம். நான் அடிப்பதுபோல் கையை ஓங்குவேன், அவர்கள் துள்ளி இறங்க வேண்டும். ஓங்கிவிட்டு அடிக்காமல் ஏமாற்றினால் ஒரே கூச்சல்!

பிறகு ஜோடி ஜோடியாக நின்று, மெதுவாக வீசும் பந்தை வெறுங்கையால் உடம்புக்கு முன்னால் பிடிக்க வேண்டும். வலக்கைப் பிள்ளை வலப்பக்கப் பந்துக்கு இடக்காலை எடுத்து வைத்துப் பிடித்துவிட்டால் வாலியில் பாதி வேலை முடிந்தது. அப்புறம்தான் மட்டை, அதுவும் கைப்பிடிக்கு மேலே மட்டையின் கழுத்தருகே பிடித்து. வீசாதே, தடு என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. மட்டையைச் சுத்தியல்போல் பிடிக்கிற கான்டினென்டல் கிரிப் பற்றிய பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள்.

தாழ்ந்த பந்துதான் பெரிய தலைவலி. என் வகுப்பில் ஒரு பெண் இடுப்பை வளைத்து மட்டையைத் தொங்கவிடுவாள். தலை முன்னால் சாயும், பின்கால் மேலே எழும், பந்து வலைக்குள். அடித்த நிலையிலேயே அசையாமல் நில் என்றேன். தள்ளாடினாள். முழங்காலை மடக்காததுதான் கோளாறு என்று அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தை இப்போதைக்குப் பையிலேயே வை. 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கே அது கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதி வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்புப் பந்து அதைவிட ஏறக்குறைய 75 சதவீதம் மெதுவானது. அதற்கான ஆடுகளமும் 78 அடி நீளத்துக்குப் பதில் 36 அடி, வலை ஏறக்குறைய 80 செ.மீ. கண்கள் தானாகத் திறந்துகொள்ளும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உடம்போ மட்டையோ உடையோ வலையில் பட்டால் பாயிண்ட் போச்சு என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடு. அடித்த வேகத்தில் வலைமேல் விழுகிறவனை அது திருத்துகிற அளவுக்கு நம் அறிவுரை திருத்தாது.

இந்தக் காலத்தில் வலை ஆட்டம் எதற்கு என்று சக ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தாயே, அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வலைக்கு ஓடிவந்தே ஆடிய எட்பர்க், நவரத்திலோவா காலத்து விம்பிள்டனில் புல் வலைவரை தேய்ந்திருக்கும். இப்போது பின்கோடான பேஸ்லைன்தான் மண்ணாகிறது. பிள்ளைகளும் டிவியில் பார்ப்பதைத்தானே செய்வார்கள்? ஆனால் பள்ளியில் பிள்ளைகள் அதிகம், ஆடுகளம் குறைவு. ஆடுவதெல்லாம் டபிள்ஸ். அதில் வலையருகே நிற்பவன் வேடிக்கை பார்த்தால் அது இரண்டு பேர் ஆட்டமே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு இடக்கைக்காரனும் ஒரு வலக்கைக்காரனும் ஜோடி சேர்ந்தால் யாரை எந்தப் பக்கம் நிறுத்துகிறாய்? இரண்டு பேரின் ஃபோர்ஹேண்டும், அதாவது மட்டை பிடிக்கும் கைப் பக்கமும், நடுவில் வருகிற மாதிரி நிறுத்திப் பார்த்தேன், ஓரப் பந்தெல்லாம் மறுபக்கமான பேக்ஹேண்டுக்குப் போய்விடுகிறது. உன் அனுபவத்தை எழுது.

அன்புடன்,
உன் பழைய டபிள்ஸ் ஜோடி