அரவை முடிந்ததும் வா, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ டிசம்பரில் வருகிறாய் என்றதும் உன் அம்மா போன் பண்ணினாள். "அங்கே கரும்பைத் தவிர என்ன இருக்கு, பிள்ளையை எங்கே கூட்டிப் போவீங்க?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விமானம் இறங்கும்போதே கரும்புக்காடுதான் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அது நமக்கு அந்நியமில்லை. 1945-ல் இங்கே வெளியிட்ட என்.கோ. 310 என்ற கரும்பு ரகத்தின் விதை, நீ தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற நம் கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்திலிருந்து வந்தது. 'என்' என்றால் நேட்டால், இந்த மாகாணத்தின் அப்போதைய பெயர்; 'கோ' கோயம்புத்தூர். ஆட்கள் அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள்: 1860 நவம்பரில், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர், இந்தக் கரும்புக்காகவே.

டிசம்பர் பாதிக்கு மேல் டிக்கெட் போடு. அரவை முடிந்து அப்பாவுக்கு லீவு கிடைக்கும். சோகையைக் கொளுத்தும் கரித்தூள் காயப்போட்ட வேட்டியில் வந்து விழாது.

முதலில் செயின்ட் லூசியா. வடக்கே காரில் மூன்று மணி நேரம். ஏரியில் படகில் போனால் நீர்யானையும் முதலையும் பக்கத்திலேயே கிடக்கும். ஆனால் வேடிக்கை இருட்டிய பிறகுதான். நீர்யானைகள் ஏரியை விட்டு ஊருக்குள் புல் மேய வரும். போன வருஷம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் ஒரு கரும்பாறை. கிட்டே போனதும் பாறை காதை ஆட்டியது! நல்லவேளை, காருக்குள் இருந்தோம். ராத்திரி அங்கே காலாற நடக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. அந்த மாதம் கடற்கரையில் ஏழுவரி ஆமை முட்டையிட ஏறும். வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. 1895-லிருந்து காப்புக்காடு. இன்று உலகில் உள்ள தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்கள் எல்லாம் அங்கே தப்பிப் பிழைத்த சிலவற்றின் வம்சம்தான். சிங்கம் தெரியவில்லை என்று முகம் தூக்காதே, எனக்கும் தெரிந்ததில்லை.

டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்; மத்தியானம் மேகம் மூடி இடி இறங்கும். துகேலா அருவி 948 மீட்டர், அடுக்கடுக்காக விழும். மழைக்காலமாதலால் தண்ணீர் நன்றாக இருக்கும். உச்சிக்குச் சங்கிலி ஏணியில் ஏறலாம் என்பார்கள். நீ ஏறு, நான் கீழே நின்று போட்டோ எடுக்கிறேன்.

மலைக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அம்மாவையும் கூட்டி வரப் பார். நீர்யானைக் கதையை மட்டும் இப்போது சொல்லாதே, டிக்கெட் போட விடமாட்டாள்.

அன்புடன்,
அப்பா