பாவைக்கூத்தின் வாயைக் கட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூர் சபா ஒன்றில் நாட்டியம், தோல்பாவைக்கூத்து, பஜனை மூன்றையும் சேர்த்து நடத்திய ராமாயண நிகழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் விமர்சனம் வந்திருந்தது. அன்று அரங்கில் நானும் இருந்தேன். நாட்டியத்தை உங்கள் விமர்சகர் பாராட்டியதில் எனக்கு மறுப்பே இல்லை. வரம் கேட்கும் இடத்தில் கைகேயியாக ஆடிய பெண்ணின் முகத்தைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் தோல் பொம்மைகளை ஆட்டிக் கதை சொல்லும் பாவைக்கூத்தைக் 'குழந்தைகள் ரசித்த இடைநிரவல்' என்று ஒற்றை வரியில் ஓரங்கட்டிவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவரை மட்டும் நொந்துகொள்வதும் நியாயமில்லை. உண்மையில் அன்று பாவைக்கூத்து நடக்கவே இல்லை. பாவைகளை ஆட்டினார்கள், அவ்வளவுதான். நாட்டியக் குழுவின் தாளத்தோடு பிசகாமல் பொருந்த வேண்டும் என்று வசனம், பாட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் யாரோ ராவணனாகக் கர்ஜிக்க, திரைக்குப் பின்னால் கூத்துக்காரர் ஊமையாக நின்று தோலை அசைத்துக்கொண்டிருந்தார். வித்வானைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்று சொன்னால் சபாக்காரர்கள் பொறுப்பார்களா?

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ராமன், சீதை, கூனி, கும்பகர்ணன், வானரப் படை அத்தனை பேருக்கும் ஒரே தொண்டைதான். பாடுவதும் அவர், பேசுவதும் அவர், இரண்டு கையாலும் ஆட்டுவதும் அவர். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ராவுக்கு வீட்டு ஆட்கள். கூட்டம் சிரித்தால் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இன்னும் கொஞ்ச நேரம் திரையில் நிற்பார்கள். சிரிக்காவிட்டால் கதைக்கு வழிவிடுவார்கள். ஒலிநாடாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் ராமாயணம் சொல்லிக் காப்பாற்றிய கலை இது. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் இன்றும் கம்பன் பாட்டைச் சொல்லித்தான் பாவை ஆட்டுகிறார்கள். இங்கே நாம் ஒலிப்பதிவு போடுகிறோம்.

அடுத்தது வெளிச்சம். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் ஆட்டுத்தோலில் தீட்டிய சிவப்பும் பச்சையும் துலங்கும். திரையிலிருந்து பிரித்து விளக்கின் பக்கம் இழுத்தால் நிழல் பெருத்துக்கொண்டே போகும். அசோகவனத்தில் அனுமன் சீதைக்குப் பேருருவம் காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் இதற்குப் பின்னால் ஒற்றை விளக்கு இருக்க வேண்டும். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஓர் எல்இடி பலகையை நிறுத்தியிருந்தார்கள். நாலா பக்கமிருந்தும் ஒளி வந்தால் நிழல் எப்படி வளரும்? கூத்துக்காரர் அனுமனைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். உருவம் வளரவில்லை, மங்கிப்போனது. மறுபடி திரையோடு ஒட்டிக்கொண்டார். அரங்கில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ தெரியாது.

பஜனையில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. சீதா கல்யாணம் தொடங்கியதுமே சபையே சேர்ந்து பாடியது, மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பாகவதர்களை யாரும் பதிவுக்கு வாயசைக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலைகளைக் கலப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதே ஊரில் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி 1955 முதல் 1970 வரை ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அரங்கேற்றினார். அதற்காகக் கேரளத்துக் கதகளி ஆசான்களைக் கலாக்ஷேத்ராவுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார். தொடக்க நாடகங்களுக்கு இசையமைக்க மைசூர் வாசுதேவாச்சாரியார் இருந்தார். அந்தந்தக் கலையின் ஆசானைக் கூட வைத்துக்கொண்டு கலந்தார், அதனால் நின்றது. கைகேயியின் ஒரு கணத்தைக் கால் மணி நேரம் நீட்ட நாட்டியத்தால் முடியும். இலங்கை எரிவதையும் படைகள் மோதுவதையும் பாவைக்கு விட்டிருக்கலாம். ஆனால் யுத்த காண்டத்தையும் நாட்டியமே எடுத்துக்கொண்டது, நாலு பேர் சுற்றிச் சுற்றி வந்து போர் முடிந்தது. நாட்டியக்காரர்கள் உடை மாற்றும் இடைவெளிதான் பாவைக்குக் கிடைத்த இடம்.

உச்சிக்குடும்பனின் கேலி 'பக்திச் சூழலைக் கெடுத்தது' என்றும் விமர்சகர் எழுதியிருக்கிறார். கதாகாலட்சேபத்தில் பாகவதர் உபகதை சொல்லிச் சிரிக்கவைக்கவில்லையா? அப்போது கெடாத பக்தி, தோல் பொம்மை பேசினால் மட்டும் கெட்டுவிடுமா?

மார்கழி வரப்போகிறது. சபாக்காரர்கள் ஒரு மாலைப்பொழுதைப் பாவைக்கூத்துக்கே ஒதுக்கட்டும். அரங்கை இருட்டாக்கி, ஒரு விளக்கும் ஒரு மைக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும். உங்கள் விமர்சகரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் ஒப்பனையாளர், ஒளியமைப்பாளர் பெயர் வரை இருந்தது; பாவைக்கூத்துக்காரரின் பெயர் மட்டும் இல்லை. உங்கள் விமர்சனத்திலும் இல்லை. விசாரித்து அடுத்த இதழிலாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
நங்கநல்லூர், சென்னை