மைத்ரியின் பழைய வெப்பமானியைக் கழற்றிவிடாதீர்கள்

மத்திய புவி அறிவியல் அமைச்சகத்துக்கும், கோவாவில் இருக்கும் தேசிய துருவ ஆய்வு மையத்துக்கும் வணக்கம்.

அண்டார்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான மைத்ரிக்குப் பதிலாகப் புது நிலையம் கட்டத் திட்டமிட்டிருக்கிறீர்கள். சரி, 1989-இல் வந்த நிலையம், வயதாகிவிட்டது, கட்டத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. புது நிலையம் திறந்த கையோடு பழைய இடத்தில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவிகளைக் கழற்றிவிடாதீர்கள். ஐந்து வருஷமாவது இரண்டு இடத்திலும் சேர்த்தே அளவெடுங்கள்.

மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பகுதி பனி மூடாத பாறைத்தரை. ஜனவரியில் நாள் முழுக்க வெயில் பட்டுப் பாறை சூடேறிக் கிடக்கும், பக்கத்திலேயே தொடங்கும் பனிப்பரப்பு அப்படிச் சூடேறாது, போதாததற்குத் தெற்கே உயரத்திலிருந்து சரிந்து வரும் குளிர்காற்று வேறு. ஒரு பாறை மேட்டைத் தாண்டி வெப்பமானியை வைத்தாலே அரை டிகிரி மாறிவிடலாம். அது இடம் மாறியதால் வந்ததா, பருவநிலை மாறியதால் வந்ததா என்று இருபது வருஷம் கழித்து உட்கார்ந்து எப்படிப் பிரிப்பது? ஒரு வருஷம் சேர்த்து அளந்தால் போதாதா என்பீர்கள். துருவத்தில் இந்த வருஷ ஜூலையின் சராசரிக்கும் அடுத்த வருஷ ஜூலையின் சராசரிக்கும் சில டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம், அதனால் போதாது.

வடக்கே ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். வேட்டைக்கும் ஆய்வுக்கும் போன குழுக்கள் குறித்துவைத்தவை, 1911 முதல் வெவ்வேறு நிலையங்களில் எடுத்தவை, 1975 முதல் விமான நிலையத்தில் எடுத்தவை என எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் திருத்தி 1898-இலிருந்து ஒரே தொடராக்கினார்கள். 1910-களின் கடுங்குளிர், அதன்பின் சட்டென்று ஏறி 1930-களில் உச்சம் தொட்ட வெப்பம், 1960-களில் மறுபடி குளிர், அப்புறம் இன்றுவரை ஏற்றம் என்று அத்தனையும் அதில் தெரிகிறது. 1898 முதல் 2012 வரை கணக்கிட்டால் நூறு வருஷத்துக்கு 2.6 டிகிரி ஏற்றம். 1975-க்கு முந்தையதை விட்டிருந்தால், முன்பும் ஒருமுறை சூடேறியதும், இப்போதைய வெப்பம் அதையும் எவ்வளவோ தாண்டிப் போய்விட்டதும் தெரியாமலே போயிருக்கும்.

அண்டார்டிகாவிலும் உதாரணம் உண்டு. 1903-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் லாரி தீவில் தொடங்கிய ஒர்க்காடாஸ் நிலையம் அடுத்த வருஷமே அர்ஜென்டினாவின் கைக்கு மாறியது, ஆனால் அளவெடுப்பது நிற்கவில்லை, இன்றும் நடக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். மைத்ரியில் கருவி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கட்டடம் எத்தனை மீட்டர் தள்ளி, எந்த வருஷம் எந்தக் கருவியை மாற்றினார்கள் என்ற விவரத்தையெல்லாம், அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கி அளவெடுத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, படங்களோடு வெளியிடுங்கள்.